கணக்கில் சீட்டுக் காசு இருக்கும்போது பிரித்தானிய விசாவுக்குக் கட்டண விலக்குக் கேட்கலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் நான் விளங்கிக்கொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். நீங்களும் கணவரும் லண்டனில் பத்து ஆண்டுப் பாதையில், அதாவது விசாவை இரண்டரை ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பித்துப் பத்து ஆண்டு நிறைந்ததும் நிரந்தர வதிவிடம் கேட்கும் வழியில், இருக்கிறீர்கள். இங்கேயே பிறந்த எட்டு வயது மகனும் நான்கு வயது மகளும் உங்களோடு சேர்ந்து விண்ணப்பிப்பவர்கள். விசா முடிய ஏழு கிழமைகள் இருக்கின்றன, கட்டணத்தைக் கட்ட வழியில்லை, ஆனால் சென்ற மாதம் சீட்டு எடுத்த 2,400 பவுண் உங்கள் கணக்கில் கிடக்கிறது. இந்த நிலையில் ஃபீ வேவர் எனப்படும் கட்டண விலக்குக் கிடைக்குமா, கேட்டால் அது பின்னாளில் நிரந்தர வதிவிடத்தையும் குடியுரிமையையும் பாதிக்குமா, படிவத்தை நிரப்பித் தர 600 பவுண் கேட்பவரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு நடுவே, விண்ணப்பிக்க முன் அந்தக் காசை அண்ணனின் கணக்குக்கு மாற்றிவிடலாமா என்று ஒரு வரியையும் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். மற்றவற்றுக்கெல்லாம் விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. கவனமாகப் பேச வேண்டியது அதைத்தான்.

நான் இந்தத் துறையில் பதிவுபெற்ற ஆலோசகராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன். ஆனாலும் உங்கள் பாங்க் ஸ்டேற்மென்ட்களையும் சம்பளச் சீட்டுகளையும் கண்ணால் பார்க்காமல் “உங்களுக்குக் கிடைக்கும்” என்றோ “கிடைக்காது” என்றோ நான் சொன்னால் அதை நம்பாதீர்கள். விதி என்ன, அதிகாரி எதைப் பார்ப்பார், எங்கே ஆட்கள் சறுக்குகிறார்கள் என்பவற்றைத்தான் இங்கே எழுத முடியும். நான் தரும் கட்டணங்கள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தவை. விசாக்களைக் கவனிக்கும் உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸ் இவற்றைப் பெரும்பாலும் ஏப்ரலிலேயே மாற்றுவது வழக்கம் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அரசின் இணையத்தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொகையைப் பார்ப்போம், ஏனெனில் மற்ற எல்லாம் அதை வைத்தே அளக்கப்படுகிறது. விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 1,321 பவுண். பிள்ளை என்பதால் குறைவதில்லை. அதோடு அரச மருத்துவ சேவைக்காக விசாவோடு சேர்த்துக் கட்டும் என்.எச்.எஸ். மேல்கட்டணம் வளர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுணும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 776 பவுணும் ஆகும். 2024 பெப்ரவரியில் ஏற்றப்பட்ட தொகை அது. இரண்டரை ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் உங்களில் ஒவ்வொருவருக்கும் 2,587.50 பவுண், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 1,940 பவுண் வருகிறது. நான்கு பேருக்கும் விண்ணப்பக் கட்டணம் 5,284, மேல்கட்டணம் 9,055, மொத்தம் 14,339 பவுண். இருவரும் வேலை செய்து வரி கட்டுகிற ஒரு குடும்பம் பத்து ஆண்டுக்குள் நான்கு தடவை இந்தத் தொகையைப் புரட்ட வேண்டியிருப்பது நியாயமா என்பது வேறு விவாதம். உங்கள் 2,400 பவுண் இந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டண விலக்கு என்பது ஹோம் ஒபிஸ் இரக்கப்பட்டுச் செய்யும் தர்மம் அல்ல. பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவர் தன் குடும்ப வாழ்வு பற்றிய மனித உரிமைக் கோரிக்கையை முன்வைக்கவே முடியாமல் போனால், அது ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8ஆம் உறுப்புரைக்கு முரணாகிவிடும். 2012இல் ஓமர் என்பவரின் வழக்கில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், கட்டண விதிகளை அந்தச் சாசனத்துக்கு இசைவாகவே வாசிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்றைய நடைமுறைக்கு அந்தத் தீர்ப்பு முக்கியமான ஓர் அடித்தளம். அதனாலேயே இது எல்லா விசாவுக்கும் கிடைப்பதில்லை. பத்து ஆண்டுப் பாதையில் துணைவராக, பெற்றோராக அல்லது தனிப்பட்ட வாழ்வின் அடிப்படையில் விண்ணப்பிப்பவர்களுக்கு உண்டு. ஐந்து ஆண்டுப் பாதையில் சில வகையினருக்கு மட்டும் உண்டு. மாணவர், தொழில்சார் விசா, சுற்றுலா விசா ஆகியவற்றுக்கு இல்லை. நீங்கள் சொல்லும் பாதை இதற்குள் வருகிறது, இதில் ஐயம் இல்லை.

அடுத்ததாக, விலக்குப் பெற நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்று நம் ஆட்களிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. அது பிழை. வதிவதற்கு இடமோ அடிப்படைத் தேவைகளுக்குக் காசோ இல்லாத வறிய நிலை என்பது ஒரு காரணம். அந்த நிலைக்கு விரைவில் தள்ளப்படும் ஆபத்து இன்னொரு காரணம். பிள்ளையின் சிறப்புத் தேவைகளுக்கு வருமானம் போதாமை மற்றொன்று. பணநிலை சார்ந்த விதிவிலக்கான சூழ்நிலைகளும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது மிக எளிமையான ஒரு கேள்வி: அத்தியாவசியச் செலவுகள் போக, இந்தக் கட்டணத்தைக் கட்ட உங்களிடம் பணம் மிஞ்சுகிறதா? மிஞ்சவில்லை என்று நம்பத்தகுந்த ஆதாரத்தோடு காட்டினால் அதுவே போதும். வாடகையை ஒழுங்காகக் கட்டி, பிள்ளைகளைக் குறையில்லாமல் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் “நாங்கள் பட்டினி கிடக்கிறோம்” என்று எழுதத் தேவையில்லை. எழுதினால், ஸ்டேற்மென்டில் உள்ள சுப்பர்மார்க்கற் வரிகளே அதைப் பொய்யாக்கி, மற்ற உண்மைகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். கட்ட முடியாது என்ற காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் உறுதியாக நில்லுங்கள்.

அந்தக் கேள்விக்கு அதிகாரி விடை தேடும் இடம் உங்கள் கடிதம் அல்ல, உங்களதும் கணவரதும் எல்லாக் கணக்குகளுக்குமான கடந்த ஆறு மாத ஸ்டேற்மென்ட்கள்தான். நீங்கள் தந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். இருவரின் சம்பளமும் கைக்கு வருவது மாதம் 2,350 பவுண். வாடகை 1,250, கவுன்சில் வரி 150, எரிவாயுவும் மின்சாரமும் 160, சாப்பாடு 420, போக்குவரத்து 170, தொலைபேசியும் இணையமும் 50, பிள்ளைகளின் பள்ளிச் செலவு 60 என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டினால் 2,260. மிச்சம் 90 பவுண். இந்த மிச்சத்தை வைத்து 14,339 பவுண் சேர்ப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் வேண்டும் என்பதால் இதுவரை உங்கள் வழக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அடுத்த வரியில் மாதம் 200 பவுண் சீட்டுக் கட்டியதாகச் சொல்கிறீர்கள். 90 பவுண் மிஞ்சுகிற வீட்டிலிருந்து 200 பவுண் எப்படிப் போனது? இது நான் கேட்கும் கேள்வி அல்ல. உங்கள் கோப்பைத் திறக்கும் அதிகாரி முதலில் கேட்கப்போகும் கேள்வி. கணவர் சில மாதங்களில் கூடுதல் நேரம் வேலை செய்திருக்கலாம், சாப்பாட்டுச் செலவை நீங்கள் கூட்டி எழுதியிருக்கலாம், உறவினர் யாராவது கையில் காசு தந்திருக்கலாம். எதுவானாலும் விடையை நீங்களே முதலில் கண்டுபிடித்து, அதற்கேற்ற சம்பளச் சீட்டையோ கடிதத்தையோ இணைத்துவிடுங்கள். விலக்குகள் மறுக்கப்படுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் பணம் கூடுதலாக இருந்தது அல்ல, கணக்கு ஒத்துவராததுதான்.

இனிச் சீட்டு. நம்மிடையே இது எவ்வளவு சாதாரணமோ, ஒரு பிரித்தானிய அதிகாரிக்கு அவ்வளவு புதிராகத் தெரியும். அவர் பார்ப்பது இதுதான்: மாதந்தோறும் ஒரு தனிநபரின் பெயருக்கு 200 பவுண் போகிறது, பிறகு ஒரு நாள் அதே பெயரிலிருந்து 2,400 பவுண் வருகிறது. விளக்கம் இல்லாவிட்டால் அதை வெளியே தெரியாத வருமானம் என்றோ, ஒளித்து வைத்த சேமிப்பு என்றோ, வசதியான ஒரு நண்பர் இருக்கிறார் என்றோ அவர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: பன்னிரண்டு பேர் மாதம் 200 பவுண் வீதம் போடுகிறோம், ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுத் தொகையை எடுக்கிறார், எனக்கு இன்ன மாதம் முறை வந்தது, இன்னும் இத்தனை மாதங்களுக்கு நான் கட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். சீட்டுப் பிடிப்பவரிடமிருந்து பெயர் வரிசையும் தேதிகளும் உள்ள ஒரு கடிதம் வாங்குங்கள். நீங்கள் இடையில் எடுத்திருக்கிறீர்கள் என்றால், அந்த 2,400இல் இனிமேல் கட்ட வேண்டிய பகுதி உண்மையில் சேமிப்பே அல்ல, கடன். இதை நீங்கள் சொல்லாவிட்டால் அதிகாரிக்குத் தெரிய வழியே இல்லை.

இப்போது அண்ணனின் கணக்குக்கு மாற்றும் விஷயம். மறைக்கும் நோக்கத்தோடு என்றால் செய்யாதீர்கள். இதைத் திட்டவட்டமாகவே சொல்கிறேன். மாற்றினாலும் அந்த வரி ஸ்டேற்மென்டில் நிற்கும். விண்ணப்பத்துக்குச் சற்று முன்னர் ஒரு பெருந்தொகை உறவினருக்குப் போனால், கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக வேண்டுமென்றே பணத்தை அகற்றினார் என்று முடிவுசெய்து விலக்கை மறுக்க ஹோம் ஒபிஸின் வழிகாட்டுதலில் இடம் உண்டு. அந்தக் கணக்கின் ஸ்டேற்மென்டையே கொடுக்காமல் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அது அதைவிட ஆபத்து. கணக்குகளையும் வருமானத்தையும் ஹோம் ஒபிஸ் வேறு வழிகளில் சரிபார்க்க முடியும். பொய்த் தகவல் தந்தார் அல்லது முக்கியமானதை மறைத்தார் என்ற பதிவு கட்டண விலக்கோடு முடிந்துபோகாமல், விசாவுக்கான பிரதான விண்ணப்பத்தையும் அதன் பின் வருபவற்றையும் தொடரும்.

ஆனால் நீங்கள் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: சென்ற தடவை விசாக் கட்டணத்துக்கு அண்ணனிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கவே இந்தச் சீட்டைத் தொடங்கினீர்கள் என்று. அது உண்மையானால் நிலைமை மாறுகிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. உண்மையான கடனைத் திருப்பிக் கொடுப்பது குற்றமில்லை. இரண்டரை ஆண்டுக்கு முன் அண்ணனின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குப் பணம் வந்ததற்கான ஸ்டேற்மென்ட், அவருடைய கடிதம், சிறுகச் சிறுகத் திருப்பிய வரிகள் ஆகியவை இருந்தால் உங்கள் வழக்கு வலுப்படும். ஏனென்றால் “சென்ற தடவை கட்டியவர் இந்தத் தடவை ஏன் கட்ட முடியாது?” என்ற கேள்விக்கும் அதுவே விடை. எனினும், வட்டியும் கெடுவும் இல்லாத ஒரு குடும்பக் கடனைக் கட்டணத்துக்கு முன்னால் ஏன் அடைத்தீர்கள் என்று ஓர் அதிகாரி கேட்பதற்கு இடமிருக்கிறது. ஒருவர் ஏற்பதை மற்றவர் ஏற்காமல் போகலாம். அதனால் அண்ணனால் பொறுக்க முடியுமென்றால், முடிவு வரும்வரை காசு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கடன் இருக்கிறது, இந்தத் தொகை அதற்குரியது என்று எழுத்தில் சொல்லுங்கள், ஆதாரத்தை வையுங்கள்.

அப்படியென்றால் அந்த 2,400 பவுணைக் காட்டி “ஒருவருக்காவது கட்டுங்கள்” என்று சொல்லிவிட மாட்டார்களா? சொல்லலாம், இதுதான் உங்கள் வழக்கில் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. விண்ணப்பக் கட்டணத்தைக் கட்ட முடியும், மேல்கட்டணத்தைக் கட்ட முடியாது என்று கண்டால் மேல்கட்டணத்தை மட்டும் விலக்க அதிகாரிக்கு வழி இருக்கிறது. குடும்பமாக விண்ணப்பிக்கும்போது எல்லோருக்கும் சேர்த்துக் கட்ட முடியாவிட்டாலும் சிலருக்குக் கட்ட முடியுமா என்றும் பார்க்கலாம். 2,400 பவுண் முழுவதும் உங்கள் சொந்தச் சேமிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டால் ஒருவரின் விண்ணப்பக் கட்டணத்துக்கு அது போதும். ஆகவேதான் அதில் எவ்வளவு இன்னும் கட்டவுள்ள சீட்டு, எவ்வளவு கடன், உண்மையில் எவ்வளவு உங்களுடையது என்ற பிரிப்பு இவ்வளவு முக்கியமாகிறது. மிஞ்சுவது 300, 400 பவுண் என்றால், நான்கு பேர் கொண்ட வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதானால் போய்விடக்கூடிய காசு அது என்று சொல்வதில் தவறில்லை.

ஸ்டேற்மென்டில் வேறு சில வரிகளும் நம் வீடுகளில் வழக்கமாக வருபவை. ஊரில் உள்ள அம்மாவுக்கு மாதம் 50 பவுண் அனுப்புவது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கட்டணம், பரதநாட்டிய வகுப்பு, கணித டியூஷன், கோயில் திருவிழாவுக்குக் கொடுத்த உபயம். நமக்கு இவை தவிர்க்க முடியாத கடமைகள். ஹோம் ஒபிஸின் அளவுகோலில் இவை பெரும்பாலும் அத்தியாவசியச் செலவுகள் அல்ல. சிறு தொகைகளாக இருந்தால் மறைக்கவோ நிறுத்தவோ வேண்டியதில்லை. மாதம் 50 பவுணை நிறுத்தினால் இரண்டரை ஆண்டில் 1,500தான் சேரும் என்று காட்டிவிடலாம். அம்மாவின் மருந்துச் செலவுக்கு என்றால் ஊர் மருத்துவரின் ஒரு துண்டு போதும். கையில் வாங்கிக் கணக்கில் போட்ட காசு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விளக்கம் வேண்டும். உங்கள் இரு கணக்குகளுக்கு இடையே மாறிய தொகைகளையும் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பணம் இரண்டு தடவை வருமானமாகத் தெரியும். யாழ்ப்பாணத்திலோ வேறெங்கோ உங்கள் பெயரில் காணியோ வீட்டில் பங்கோ இருந்தால் சொல்லுங்கள், உடனே விற்றுக் காசாக்க முடியாது என்றால் ஏன் என்பதையும் சொல்லுங்கள். இவற்றோடு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வரி மற்றும் மின்சாரப் பட்டியல்கள், கடன் கடிதங்கள் சேர வேண்டும்.

கடிதத்தைப் பற்றி ஒரு சொல். போரில் பட்டது, முகாமில் இருந்தது, இங்கே வந்து அலைந்தது எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதிவிட்டு, மார்ச் மாதம் கணக்கில் விழுந்த 300 பவுணைப் பற்றி ஒரு வரியும் எழுதாத கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் துயரம் உண்மை, ஆனால் அதற்குரிய இடம் பிரதான விண்ணப்பம். விலக்குக் கடிதத்தைப் படிப்பவர் கூட்டல் கழித்தல் செய்கிறார். அவருக்கு உதவுவது ஒன்றரைப் பக்கக் கணக்கும், எந்த ஸ்டேற்மென்டின் எந்த வரிக்கு எந்த விளக்கம் என்ற குறிப்பும்தான்.

கால அளவில் நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள், ஆனால் பொறுத்திருக்க நேரமில்லை. விசா முடியும் தேதியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையில் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் அனுமதி அதற்குப் பின்னும் தொடர்ந்தாலும் பல அட்டைகளில் 2024 டிசம்பர் 31 என்றே அச்சிடப்பட்டிருந்தது. இணையக் கணக்கில் உள்ள ஈ-விசாவில் வரும் தேதியே கணக்கு. கட்டண விலக்குக்கான விண்ணப்பம் தனியாக, இணையத்தில், இலவசமாகச் செய்யப்படுவது. அதை விசா முடிய முன் அனுப்பி, முடிவு வந்த 10 வேலை நாட்களுக்குள் பிரதான விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டால், விலக்குக் கேட்ட நாளே விண்ணப்பித்த நாளாகக் கொள்ளப்படும். குடிவரவு விதிகளின் 34ஜி பந்தி அதைச் சொல்கிறது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவின் கீழ் உங்கள் பழைய அனுமதியும் அதே வேலை உரிமையோடு நீளும். இங்கே பலர் தவறுவது, விலக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் அந்த 10 வேலை நாட்களை விட்டுவிடுவதில்தான். விலக்குக் கேட்கும்போதே பிரதான விண்ணப்பத்தையும் எழுதித் தயாராக வைத்திருங்கள். முடிவுக்கு மாதங்கள்கூட ஆகலாம் என்பதால் அதுவரை மின்னஞ்சலை, குப்பைப் பெட்டி உட்பட, நாள்தோறும் பாருங்கள். இடையில் மேலதிக ஆதாரம் கேட்டுக் குறுகிய கெடு தருவார்கள், பதில் போகாவிட்டால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள்.

காத்திருக்கும் காலத்தில் வேலை என்னாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வரும். சட்டப்படி உரிமை தொடர்கிறது. அதை முதலாளிக்கு நிரூபிப்பதுதான் சிக்கல். 3சி அனுமதியில் இருப்பவர்களுக்கு டிஜிட்டல் ஆதாரம் தராதது சட்டவிரோதம் என்று லண்டனைச் சேர்ந்த ராம்ஃபெல் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு வழக்குத் தேவைப்பட்டதே, எத்தனை பேர் இதனால் வேலையை இழக்கும் நிலைக்குப் போனார்கள் என்பதைக் காட்டும். நீங்கள் பராமரிப்பு வேலையில் இருப்பதால், விலக்கு விண்ணப்பம் கிடைத்ததற்கான மின்னஞ்சலை அச்சிட்டு வைத்துக்கொண்டு, விசா முடியும் தேதிக்கு முன்னரே மேலாளரிடம் பேசி, ஹோம் ஒபிஸின் முதலாளிகளுக்கான சரிபார்ப்புச் சேவையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கட்டண விலக்கு மட்டும் நிலுவையில் இருக்கும் காலத்தில் அந்தச் சேவையின் பதில் எவ்வளவு ஒழுங்காக வரும் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

விலக்கை மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. நீதிமன்ற மீளாய்வு மட்டும்தான், அதற்கு வழக்கறிஞர் வேண்டும். மறுப்புக் கடிதத்திலேயே கட்டணத்தைக் கட்டி விண்ணப்பிக்க 10 வேலை நாட்கள் தருவார்கள். விசாத் தேதி இன்னும் இருந்தால் குறையைத் திருத்தி மீண்டும் கேட்கலாம். தேதி கடந்திருந்தால் மீண்டும் விலக்குக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பத்து ஆண்டுத் தொடர்ச்சியையே உடைக்கும் ஆபத்து. அன்றே ஓர் ஆலோசகரைப் பிடியுங்கள். மறுப்பு வந்தால் கட்டணத்தை எங்கிருந்து புரட்டுவது என்று இப்போதே அண்ணனோடு பேசி வைப்பது நல்லது.

எதிர்காலப் பாதிப்புப் பற்றி: கட்டண விலக்கு அரசு உதவிப்பணம் அல்ல. உங்கள் விசாவில் அரசு உதவிப்பணம் பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தாலும் விலக்குக் கேட்பது அதை மீறுவதாகாது. இன்றுள்ள விதிகளில், விலக்குப் பெற்றவருக்கு நிரந்தர வதிவிடம் தாமதமாகும் என்றோ குடியுரிமையில் நன்னடத்தைக்குப் பாதகம் என்றோ எதுவும் இல்லை. குடிவரவு பற்றி அரசு வெளியிட்ட 2025 மே மாத வெள்ளை அறிக்கைக்குப் பிறகு நிரந்தர வதிவிட விதிகளை மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன என்பதால் “என்றைக்கும் இப்படியே இருக்கும்” என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அந்த அச்சத்தில் இப்போது வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டுவது புத்திசாலித்தனமல்ல. கடைசிக் கட்டமான நிரந்தர வதிவிடத்துக்கு, ஒருவருக்கு 3,029 பவுண், சில விதிவிலக்குகள் தவிர விலக்கே இல்லை. வளர்ந்தவர்களின் குடியுரிமைக்கும் இல்லை. சேமிக்க முடிந்தால் அதற்குச் சேமியுங்கள்.

மகனுக்கு மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பிறந்து ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பிள்ளை, நாட்டை விட்டுப் போகச் சொல்வது நியாயமில்லை என்று காட்டினால், நேரடியாகவே நிரந்தர வதிவிடம் கேட்கும் வழி 2022 ஜூனிலிருந்து இருக்கிறது; ஆனால் அதே 3,029 பவுணைக் கட்டியாக வேண்டும். பத்து வயது நிறைந்தபின், 1981ஆம் ஆண்டுப் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் 1(4) பிரிவின்படி அவன் குடிமகனாகப் பதிவுசெய்ய உரித்துடையவனாவான். அதற்குக் கட்டணம் 1,214 பவுண் என்றாலும், பிள்ளைகளின் பதிவுக்கு 2022 ஜூனிலிருந்து கட்டண விலக்கு உண்டு. ஆகவே இந்தத் தடவை அவனையும் உங்களோடு இரண்டரை ஆண்டுக்குச் சேர்த்து விலக்குக் கேட்டுவிட்டு, பத்து வயதில் பதிவுக்குத் தனியாக விலக்குக் கேட்பதே உங்கள் பணநிலைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. பிறந்த நாள் முதலான பள்ளி, மருத்துவப் பதிவுகளையும், நாட்டுக்கு வெளியே இருந்த நாட்களின் கணக்கையும் இப்போதே சேர்த்து வையுங்கள். முதல் பத்து ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் 90 நாட்களுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது என்பது பொது விதி.

600 பவுண் கேட்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அவர் சொலிசிற்றரா, அல்லது குடிவரவு ஆலோசனை அதிகார சபையில், 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று அழைக்கப்பட்ட அதே சபையில், பதிவுபெற்றவரா? தகுதியோ பதிவோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது, இலவசமாகத் தந்தாலும், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவராகவே இருந்தாலும், கட்டணம் கட்ட வழியில்லை என்று சொல்லும் விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் 600 பவுண் வெளியே போனால் அந்த வரிக்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டிவரும். உங்கள் பகுதியில் உள்ள சட்ட மையத்துக்கோ இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்கோ இந்தக் கிழமையே தொலைபேசி எடுங்கள். அங்கே முறை வரச் சில கிழமைகள் ஆகும், ஆறு மாத ஸ்டேற்மென்ட்களை வங்கியிலிருந்து இறக்கி வரிவரியாகக் குறிப்பு எழுத உங்களுக்கும் அந்த நேரம் தேவைப்படும்.